ஈரத்துண்டு

சனிக்கிழமை இரவென்றால் அரியமானில் தீவுக் கொண்டாட்டம்.
மதியமே பனங்குருத்தைக் கிழித்துப்
பாவாடை கட்டி முடித்துவிடுவோம்
நானும் கிளாட்வினும் சதக்கும்.
உள்ளே ஜீன்ஸ், அதன்மேல் ஓலை.
செம்பருத்தி மாலைகள் மதுரையிலிருந்து
பெட்டியில் வரும், பிளாஸ்டிக் வாடையோடு.
எங்கள் பக்கம் பெண்கடல்,
அலையென்று பெரிதாக ஒன்றும் கிடையாது.
அலைச்சத்தம் ஸ்பீக்கரில் வரும்.

நன்னாரி சர்பத்தில் நீலம் கலந்து
சிரட்டையில் ஊற்றிக் காகிதக்குடை குத்தினால்
அதற்குப் பெயர் எரிமலை.
நூற்றெண்பது ரூபாய்.

வாசலில் ஒரு சாமி.
ஃபைபரில் வார்த்தது, ஏழடி.
வாயெல்லாம் பல், கண்ணுக்குள் சிவப்பு பல்பு.
எந்தத் தீவு, என்ன பெயர், யார்மேல் அத்தனை கோபம்,
எதுவும் தெரியாது.
பில்லில் ‘டெக்கரேஷன், ஒன்று’ என்று இருந்தது.
மூக்கு வாகாக நீண்டிருந்ததால்
மேசை துடைக்கிற ஈரத்துண்டை
அதில்தான் காயப்போடுவோம்.

வருகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.
சிவகாசி அச்சகக்காரக் குடும்பம்,
மார்ச் முடிந்து மூச்சு விட வந்த
பரமக்குடி வங்கிக்காரர்கள்.
இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம்
இப்போதுதான் ஆடுகிறேன் என்று
என் கையைப் பிடித்துக்கொண்டு
ஓர் அம்மா ஆடினார், அரைமணி நேரம்.
இதில் யாருக்கு என்ன நட்டம் என்று
அன்றைக்குக் கேட்டிருந்தால்
ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

விசா வேலையாகச் சென்னை போனபோது
மச்சான் ஒரு கடலுணவு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்.
சுவரெல்லாம் வலை,
ஓரிடத்திலும் அறுந்திராத வலை.
வாசலில் சிமெண்டு மீனவர்.
கட்டம்போட்ட லுங்கி, தலைப்பாகை,
துடுப்பைப் பிடித்தபடி ஈயென்று ஒரு சிரிப்பு.
மழைநாள்.
வந்தவர்கள் எல்லாரும் அவர் துடுப்பில்
குடையை மாட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

அப்பா கடலில் சிரித்து நான் பார்த்ததில்லை.
அந்தப்பக்கச் சிறையில் நாற்பத்தொரு நாள்
இருந்துவிட்டு வந்தபின்
கரையிலும் பார்த்ததில்லை.

நண்டு வந்தது. மிளகு தூக்கல்.
அருமையாக இருந்தது, அதுதான் சங்கடம்.
விரலைச் சூப்பிச் சாப்பிட்டேன்.
கிளம்பும்போது பார்த்தால்
சிமெண்டு முழங்கையில் நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது.
என் குடையும் அங்கேதான் தொங்கியது.

திரும்பி வந்து சதக்கிடம் சொன்னேன்.
கப்பல் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறவன்.
துண்டைப் பிழிந்தபடியே சொன்னான்:
“அந்தத் தீவுக்காரங்க இரட்டைப் படகுக்கு
உலகம் பூரா என்ன பேர் தெரியுமா?
நம்ம கட்டுமரம்.
வெள்ளைக்காரன் இங்க கேட்ட சொல்லை
வாய்க்கு வந்தபடி மென்னு
அங்க கொண்டுபோய் ஒட்டிட்டான்.
அவங்ககிட்டயும் ஒரு பேர் இருந்திருக்கும்ல.”

அவர்கள் படகின்மேல் எங்கள் சொல்.
அவர்கள் சாமியின்மேல் எங்கள் துண்டு.
சொல்லைக் கொண்டுபோனவன் எவனோ.
துண்டைப் போட்டது நான்.

அடுத்த சனிக்கிழமை
உடைமரம் இரண்டுக்கு நடுவே கொடிகட்டித்
துண்டை அங்கே போட்டேன்.
மேனேஜர் கேட்டார்.
மூக்கில் பெயிண்ட் உரியுது சார் என்றேன்.
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.
எட்டு மணிக்கு மேளம், சிவப்புக் கண்,
ஸ்பீக்கரில் அலை.
ஓலை இடுப்பில் அரித்தது. ஆடினேன்.
பிடித்துத்தான் ஆடினேன்.

சாமியோடு படமெடுத்துக்கொண்ட ஒருவர்
பெயர் கேட்டார், ஸ்டேட்டஸில் போட.
தெரியாது சார் என்றேன்.
ஒருகணம் யோசித்துவிட்டு
அவராகவே ஏதோ ஒன்றைத் தட்டினார்.
பிறகு, எரிமலை இரண்டு என்றார்.
போய் நீலம் கலக்கினேன்.